ஒட்டகம் எழும்போது பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்

ஒட்டகம் எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்கும். முதன்முறை ஏறி உட்கார்ந்தவருக்கு இது தெரியாது. குதிரைச் சவாரி போல இருக்கும் என்று நினைத்து, சேணத்தின் முன்கட்டையை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு ஃபோட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். திடீரென்று முதுகுக்குப் பின்னால் உலகம் எழும்பும். முகம் ஒட்டகத்தின் கழுத்தை நோக்கிச் சரியும். "பீச்சே, பீச்சே!" என்று ஒட்டகக்காரர் குரல் கொடுப்பார், பின்னால் சாயச் சொல்லி. அடுத்த நொடியில் முன்னங்கால்களும் நிமிர, சவாரிக்காரர் தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் இருப்பார். இறங்கும்போதும் இதே கதைதான். ஒட்டகம் முதலில் முன்முட்டியை மடக்கும். ஆள் மறுபடியும் முன்னால் சரிவார். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னால் சாய வேண்டும் என்பதே பாலைவனப் பயணத்தின் முதல் பாடம்.

ராஜஸ்தானின் மேற்கு மூலையில், ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சம் மணல்மேடுகளில், குளிர்காலத்தின் ஒவ்வொரு மாலையும் இந்தப் பாடம் நடக்கிறது. இந்தியாவில் 'டெசர்ட் சஃபாரி' என்றால் பெரும்பாலானோர் போய்ச் சேருவது இங்கேதான்.

ஜெய்சல்மேர் 1156-இல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் கட்டிய ஊர். பட்டும் அபினும் வாசனைப் பொருட்களும் சுமந்து வந்த ஒட்டக வரிசைகளிடம் சுங்கம் வாங்கியே செழித்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது வணிகம் கடல்வழிக்கு மாறியது. 1947-இல் எல்லைக் கோடு விழுந்தபோது மேற்கே போகும் பாதையே அடைபட்டது. ஊர் சோர்ந்து கிடந்தது. அதை வெளியார் கண்ணில் மறுபடியும் பட வைத்ததில் ஒரு வங்காளத் திரைப்படத்துக்குப் பங்குண்டு. சத்யஜித் ராய் தன் துப்பறியும் கதை ஒன்றை 1974-இல் 'சோனார் கெல்லா' என்ற பெயரில் படமாக்கினார். 'தங்கக் கோட்டை' என்று பொருள். முன்பிறவி நினைவு கொண்ட ஒரு சிறுவன் தேடிப் போகும் கோட்டை ஜெய்சல்மேர்க் கோட்டைதான். படத்தைப் பார்த்த வங்காளிகள் ரயிலேறி வரத் தொடங்கினார்கள். இன்றும் கோட்டைக்குள் கடைக்காரர்கள் வங்காளம் பேசுவதைக் கேட்கலாம்.

கோட்டையைப் பார்த்தவர்கள் மணலையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். சரக்கு சுமந்த ஒட்டகம் சுற்றுலாப் பயணியைச் சுமக்கத் தொடங்கியது இப்படித்தான்.

தமிழருக்குப் பாலை என்ற சொல் பழையது, பாலைவனம் புதியது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு நிலம் மட்டுமல்ல, ஒரு நிலத்துக்கு வரும் நிலைமையும்கூட. ஜெய்சல்மேரைச் சூழ்ந்த தார் பாலைவனத்துக்குப் போகிறவர் இந்த எண்ணத்தோடு போவது நல்லது. ஏனெனில், அடிவானம் வரை வெறும் மணல் என்று சினிமாவில் பார்த்த காட்சி அங்கே கிடைப்பது அரிது. தாரில் காற்றோடு நகரும் வெற்று மணல்மேடுகள் ஒரு சிறு பகுதிதான். மற்ற இடமெல்லாம் புல், முள், எருக்கு, கல்தரை, கம்பு விளையும் வயல், ஆட்டுக் கிடை, ஊர். உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது தாரில்தான். இது ஆளில்லாத வெளி அல்ல. பல லட்சம் பேர் குடியிருக்கும் நாட்டுப்புறம். சஃபாரி போகிறவர் இன்னொருவரின் ஊர் வழியாகத்தான் போகிறார்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எந்தச் சஃபாரியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் சுலபமாகிவிடும்.

சம் மேடுகளில் கூட்டம் அதிகம். வரிசையாகக் கூடாரங்கள், ஜீப்புகள், ஒலிபெருக்கிகள், சோளம் சுடுகிறவர்கள். மாலை ஐந்து மணிக்கு ஒட்டகத்தில் ஏற்றி, ஒரு மேட்டைச் சுற்றி, சூரியன் மறைவதைக் காட்டி, அரை மணியில் இறக்கிவிடுவார்கள். ஒருநாள் மட்டும் கையில் இருக்கும் குடும்பத்துக்கு இது போதும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே குரி என்ற கிராமம் இருக்கிறது. மண்சுவர் வீடுகளிலேயே தங்கலாம். இன்னொரு வகை, ஒட்டகக்காரரோடு ஓரிரு நாள் நடந்து, திறந்தவெளியில் படுத்துறங்கும் பயணம். கூடாரம் கிடையாது, மின்சாரம் கிடையாது. தார் தன்னைத் திறந்து காட்டுவது இந்த மூன்றாவது வகையில்தான்.

ஜீப் சவாரியும் உண்டு. மணல்மேட்டின் உச்சிக்கு உறுமிக்கொண்டு ஏறி, மறுபுறம் சறுக்கி விழுவதுபோல் இறங்கும் இந்த விளையாட்டைத் தமிழ்க் குடும்பத்தினர் பலர் துபாயில்தான் முதலில் அனுபவிக்கிறார்கள். அங்கே வண்டி மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் நிறுத்தி, நான்கு டயர்களிலிருந்தும் காற்றைப் பாதியளவுக்கு இறக்குவார். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் பரவும், எடை அகலமாக விழும், மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் இதைப் பிறவியிலேயே செய்கிறது. குளம்புக்குப் பதிலாக அகலமான மெத்தைபோன்ற பாதம், அழுத்தினால் விரியும். சம்மில் சில இடங்களில் திறந்த ஜீப்பில் பயணிகளை நிற்க வைத்தே ஓட்டுகிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. உட்கார்ந்து, பெல்ட் போட்டால்தான் ஏற வேண்டும். கர்ப்பிணிகளும் கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் இந்தச் சவாரியைத் தவிர்த்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை.

ஒட்டகச் சவாரிக்கு வருவோம். அது ஏன் அப்படி ஆடுகிறது? ஒட்டகம் நடக்கும்போது வலப்பக்க இரண்டு கால்களையும் சேர்த்து எடுத்து வைக்கும். பிறகு இடப்பக்க இரண்டையும். அதனால் உடல் பக்கவாட்டில் தொட்டிலாடும். உடலை விறைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தால் தூக்கமே வரும். தொடையின் உட்புறம் உராய்ந்து புண்ணாகும் என்பதால் தளர்ந்த முழுநீளப் பருத்தி உடை அவசியம்.

திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று பள்ளியில் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். இருப்பது கொழுப்பு. உடலெங்கும் கொழுப்பு பரவினால் வெப்பம் வெளியேறாது. அதனால் ஒட்டகம் கொழுப்பை ஒரே இடத்தில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. தண்ணீர்ச் சிக்கனம் வேறு இடங்களில் நடக்கிறது. மனித உடலின் வெப்பம் இரண்டு டிகிரி ஏறினால் காய்ச்சல். ஒட்டகம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, பிற்பகலில் 40-ஐத் தாண்டும் வரை வியர்க்காமலே தாக்குப்பிடிக்கும். தண்ணீர் கிடைத்தால் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் வரை குடித்துவிடும். மற்ற விலங்கு அப்படிக் குடித்தால் இரத்த அணுக்கள் வீங்கி வெடிக்கும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை. ஏகத்துக்கு உப்பினாலும் உடையாது.

இத்தனை வல்லமை கொண்ட விலங்கு ராஜஸ்தானில் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் வேதனை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அது ஏறத்தாழ இரண்டரை லட்சம். லாரியும் டிராக்டரும் வந்த பிறகு சுமை வேலை போயிற்று. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, மறு ஆண்டு வெட்டுவதற்கும் வெளிமாநிலத்துக்குக் கொண்டு செல்வதற்கும் தடை போட்டது. காப்பாற்றும் நோக்கத்தில்தான். ஆனால் வாங்குவோர் குறைய, சந்தையில் விலை சரிந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்த ராய்கா சமூகத்துக்குத்தான் அடி பலமாக விழுந்தது. சம்மிலும் குரியிலும் சவாரிக்கு நிற்கும் ஒட்டகம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்பு. பேரம் பேசும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

ஒட்டகக்காரர்கள் வெளியூர்க்காரரை "ஹுகும்" என்று அழைப்பார்கள். அந்தப் பக்கத்தில் 'ஐயா' என்பதற்குச் சமமான மரியாதைச் சொல். நல்ல ஒட்டகக்காரர் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டுவார். அநேகமாக முதலில் காட்டுவது ஒரு மரத்தை.

தாரில் தனியாக, குட்டையாக, கிளைகள் வெட்டப்பட்டு மொட்டையாக நிற்கும் அந்த மரத்தை அங்கே கேஜ்ரி என்கிறார்கள். ஜெய்சல்மேர்ப் பக்கம் அதைத் தழைக்காகவும் விறகுக்காகவும் கழிப்பார்கள், மரம் சாகாது. வேர் வெகு ஆழத்துக்கு இறங்கி ஈரத்தைத் தேடும். மே மாத வெயிலிலும் பச்சையாக இருக்கும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும். பிஞ்சுக் காயைப் பறித்து அவித்து வெயிலில் உலர்த்தினால் அதுவே 'சாங்ரி'. கேர் என்ற முட்புதரின் காயோடு சேர்த்துச் செய்யும் கறி, ராஜஸ்தான் சாப்பாட்டின் பெருமை. தமிழ்நாட்டுப் பயணி அந்த மரத்தின் கீழ் நின்று இலையைக் கிள்ளிப் பார்த்தால் எங்கோ பார்த்ததுபோல் இருக்கும். பார்த்ததுதான். அது வன்னி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி. விஜயதசமியன்று பல கோயில்களில் அம்பு போடும் அதே வன்னி. துபாய்ப் பாலையில் 'காஃப்' என்ற பெயரில் நிற்பதும் இதுவே; ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமும் இதுதான்.

இந்த மரத்துக்காக மனிதர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று கேஜர்லி கிராமத்துக்குக் கோடரியோடு வந்தார்கள். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரை வெட்டினார்கள். அடுத்து அவர் பெண்கள். அடுத்து ஊர்க்காரர்கள். 363 பேர் வெட்டுப்பட்ட பிறகுதான் அரசர் நிறுத்தச் சொன்னார். ஜோத்பூரில் இறங்கி ஜெய்சல்மேர் போகிறவர்கள், ஓர் அரைநாள் ஒதுக்கினால் அந்தக் கிராமத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்து ஒட்டகக்காரர் காட்டுவது தண்ணீர் இருக்கும் இடம். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஒரே நாளில் கொட்டிய நாட்கள் உண்டு. அவ்வளவை வைத்துக்கொண்டு எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு நகரம் வாழ்ந்திருக்கிறது. நீர்ப் பாதுகாப்பு பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய அனுபம் மிஸ்ரா, ராஜஸ்தானின் நீர் மரபைப் பற்றிய தன் இந்தி நூலில் இந்த மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்துப் பெயரிட்டிருப்பதைச் சொல்கிறார். மழையாக விழுந்து தரையில் ஓடித் தேங்குவது ஒன்று. ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர் மற்றொன்று. அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று. சில இடங்களில் மணலுக்கு அடியில் இறுகிய சுண்ண அடுக்கு ஒன்று ஓடுகிறது. மணலில் இறங்கிய மழைநீர் கீழே உப்பு நீரோடு கலந்துவிடாமல் அது தடுக்கிறது. நீர் ஓடவும் செய்யாமல் ஒழியவும் செய்யாமல் மணலில் ஈரமாகவே தங்குகிறது. அந்த இடத்தில் ஆள் ஒருவர் மட்டும் இறங்கக்கூடிய ஒடுங்கிய கிணறு தோண்டினால், ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நாளுக்குச் சில குடம் நன்னீர் சேரும். வாய் அகலமாக இருந்தால் ஆவியாகிவிடும் என்பதால்தான் அத்தனை ஒடுக்கம். மணலைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று கடந்து போகும் இடத்தில் ஊரின் தண்ணீர்ப் பானை இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு கூடாரத்தில் வாளிக் கணக்கில் வெந்நீர் கேட்க மனம் வராது.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மணல் துகள்கள் அதில் துள்ளித் துள்ளி உச்சிக்கு வந்து, மறுபக்கம் சரியும். அந்தப் பக்கம் செங்குத்தாக, ஏறத்தாழ 34 டிகிரியில் நிற்கும். காய்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது; ஒரு கைப்பிடி கூடினால் சரிந்துவிடும். ஏறுகிறவர்கள் மெதுசரிவில் ஏறி, செங்குத்துப் பக்கம் சறுக்கி இறங்குவது இதனால்தான்.

இரவு. பகலில் சூடேறிக் கிடந்த மணல், எட்டு மணிக்குக் கை வைத்தால் சில்லென்று இருக்கும். காற்றில் ஈரம் இல்லை, மேகம் இல்லை. தரையின் வெப்பத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் வருகிற தென்னாட்டுக்காரர்கள் விடிய விடிய ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது வழக்கமான காட்சி. குல்லாயும் காலுறையும் கட்டாயம் பையில் இருக்க வேண்டும்.

நெருப்பைச் சுற்றிப் பாட்டு. இங்கேதான் பணம் கொடுத்து வந்தவர் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லி, மாங்கணியார் பாடகர்கள் வருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். மாங்கணியார்கள் முஸ்லிம்கள். அவர்களைத் தலைமுறைகளாக ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் ராஜபுத்திரர்கள். அந்த வீடுகளில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் பாட வேண்டியது இவர்கள் உரிமையும் கடமையும். கிருஷ்ணனையும் பாடுவார்கள், சூஃபி ஞானிகளையும் பாடுவார்கள். இவர்களுடைய கமாய்ச்சா என்ற வாத்தியம் ஒரே மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, வில்லால் வாசிப்பது. அதை வாசிப்பதில் மேதையான சாக்கர் கான் 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜெய்சல்மேர் மாவட்டத்து ஹமீரா கிராமத்துக்காரர். கர்தால் என்பது வெறும் நான்கு மரத்துண்டுகள், கைக்கு இரண்டு. கூடாரத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் அதை வாசிக்கும்போது விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. உடன் ஆடும் கால்பேலியா பெண்களின் நடனம் 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பாம்பு பிடித்து வாழ்ந்த சமூகம் அது. 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டமும் பாட்டும்தான் பிழைப்பு.

ஒலிபெருக்கி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சம் மேடுகளை ஒட்டியே 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா விரிந்திருக்கிறது. கானமயில் என்ற பெரும்பறவைக்கு அதுதான் கடைசிப் புகலிடங்களில் முக்கியமானது. ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை வளரும். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்த பறவை, இன்று காட்டில் 150-க்கும் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதையும் வெறும் தரையில் இடும். கனத்த உடல், நேர்முன்னே சரியாகத் தெரியாத கண். குறுக்கே ஓடும் மின்கம்பி கடைசி நொடியில்தான் தெரிகிறது; விலக முடிவதில்லை. வெயிலும் காற்றும் தாராளமாக இருப்பதால் இதே நிலத்தில்தான் சூரிய மின்சாரப் பண்ணைகளும் காற்றாலைகளும் பெருகியிருக்கின்றன. கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கும்படி 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-இல் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. இன்னொருபுறம் சம்மிலேயே பறவையைக் கூண்டில் பெருக்கும் மையம் 2019 முதல் இயங்குகிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், அதே மண்ணில் நள்ளிரவு வரை பட்டாசும் பாட்டுமாகக் கூத்தடிக்கும் கூடாரத்தில் அறை எடுக்க வேண்டாம். வாடகை கொடுக்கிறவர் கேட்டால் கூடாரக்காரர்கள் கேட்பார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று நம்பிக்கை தருகிறது. அரேபியாவின் ஓரிக்ஸ் மான் 1972-இல் காட்டிலிருந்து முற்றிலும் அழிந்துபோனது. உயிரியல் பூங்காக்களில் மிஞ்சிய சிலவற்றைப் பெருக்கி, 1982-இல் ஓமானில் மீண்டும் பாலைவனத்தில் விட்டார்கள். இன்று துபாயில் 225 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பிடமாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே சஃபாரி போகிறவர் ஜன்னல் வழியாக ஓரிக்ஸ் மேய்வதைப் பார்க்கலாம்.

போவதற்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே, ஜூனில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது போகவே கூடாது. ஜோத்பூர் வரை விமானம் அல்லது ரயில். அங்கிருந்து ஜெய்சல்மேர் ரயிலில் ஐந்தாறு மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரிடம் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஒட்டகத்தின் மேல் எத்தனை மணி நேரம், ஓர் ஒட்டகத்துக்கு ஒருவரா இருவரா, குடிநீர் யார் பொறுப்பு, குப்பையைத் திரும்ப எடுத்து வருவார்களா என்ற கேள்விகளைக் கேட்டு, பதிலைக் காகிதத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒட்டகத்தின் மூக்கிலோ சேணத்துக்கு அடியிலோ புண் இருந்தால் அந்த ஒட்டகம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மூன்று பேர் அப்படிச் சொன்னால் நான்காவது நாள் அதற்கு ஓய்வு கிடைக்கும்.

திறந்தவெளியில் படுத்தவர்கள் சூரியன் வரும் முன்பே எழுந்துவிட வேண்டும். தாழ்வெயில் படும்போதுதான் மணலில் எழுத்து தெரியும். ரஜாய்க்கு ஓரடி தள்ளி இரட்டைத் தையல்போல் ஓடும் கோடு, இரவில் நடந்த வண்டு. பிறைப் பிறையாக, ஒன்றுக்கொன்று தொடாத சாய்கோடுகள் இருந்தால் ஒட்டகக்காரர் கொஞ்சம் நிதானித்துச் சுற்றிலும் பார்ப்பார். அது சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்துபோன தடம். ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அவர் முந்தின இரவே சொல்லியிருப்பார்.

முள்விறகு நெருப்பில் டீ கொதிக்கும். பாத்திரங்களை ஈரம் படாமல் மணலாலேயே தேய்த்துப் பளபளவென்று துலக்கி வைப்பார் ஒட்டகக்காரர். சேணத்தைக் கட்டி, மறுபடியும் "பீச்சே!"

திரும்பும் வழியில் ஒரு வன்னி மரத்தடியில் ஒட்டகம் நின்றுவிடும். கயிற்றை இழுக்காமல் ஒட்டகக்காரரும் நின்றுவிடுவார். அது கழுத்தை மேலே நீட்டி, பிளந்த மேலுதட்டால் முள்ளை விலக்கி, இலையை மட்டும் உருவி எடுக்கும். ஒரு கிளை முடியும் வரை யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.